பிரான்ஸின் ஒயின் ஊர்களில் இரண்டு வாரம்: இருவர் நிதானமாகப் போய்வர ஒரு வழி

திருமணமாகி 25 ஆண்டு நிறைவதையொட்டி மனைவியோடு பிரான்ஸ் போக வேண்டும், செப்டம்பர் வாக்கில் 14 இரவு கையில் இருக்கிறது, சென்னையிலிருந்து கிளம்புகிறோம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு ஒயினில் ஆர்வம். மனைவிக்கு ஒரு வாய் சுவைத்தால் போதும், அவர் சைவம், முழங்கால் வலியும் உண்டு. அரக்கப்பரக்க ஓடும் பயணம் வேண்டாம் என்கிறீர்கள். கூடவே பாரிஸ், ஷாம்பெய்ன், அல்சாஸ், பர்கண்டி, லியோன், புரோவான்ஸ், போர்டோ, லுவார் என்று எட்டு இடங்களைப் பட்டியல் போட்டிருக்கிறீர்கள்.

அந்த எட்டில் நான்கை வெட்டச் சொல்வதுதான் என் பதிலின் முக்கால் பங்கு. ஊர் மாறும் ஒவ்வொரு நாளிலும் பாதி நாள் போய்விடும். காலையில் பெட்டி கட்ட வேண்டும், 11 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும், ரயில் பிடிக்க வேண்டும், அடுத்த ஊரில் 3 மணிக்குத்தான் அறை கிடைக்கும். எட்டு இடம் என்றால் ஏழு முறை இடம் மாற்றம். மூன்றரை நாள் அதிலேயே கரைந்துவிடும். ஒயின் ஊர்கள் வேறு அவசரத்துக்கு ஒத்துவராதவை. ஒரு கிராமத்தில் காலையில் ஒயின் சுவைக்க ஒரு நிலவறை, மதியம் இரண்டு மணி நேரச் சாப்பாடு, மாலையில் திராட்சைக் கொடிகளுக்கு நடுவே ஒரு நடை, இவ்வளவுதான் அங்கே ஒரு முழு நாள். அதற்கு மேல் திணித்தால் எதுவும் நினைவில் நிற்காது.

எதை வெட்டுவது என்பதை வரைபடமே சொல்லிவிடும். பிரான்ஸின் வேக ரயில் பாதைகள் பெரும்பாலும் பாரிஸிலிருந்து கதிர்போல விரிகின்றன. கிழக்கே ஒரு பாதை ஷாம்பெய்னுக்குப் போகிறது, தென்கிழக்கே ஒன்று பர்கண்டி வழியாக லியோனுக்கு, தென்மேற்கே ஒன்று போர்டோவுக்கு. லியோனுக்கும் போர்டோவுக்கும் நடுவில் மாசிஃப் சென்ட்ரல் மலைப்பகுதி உட்கார்ந்திருக்கிறது, குறுக்கே வேக ரயில் கிடையாது. ரயிலில் சீக்கிரம் போவதென்றால் பாரிஸ் பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அதனால் பர்கண்டி, போர்டோ இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்ப்பவர்கள் ஒரு முழு நாளை ரயிலுக்குக் கொடுக்கிறார்கள். ஏதாவது ஒரு திசையைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் இருவருக்கும் நான் சொல்வது கிழக்கு. காரணம் பின்னால் வருகிறது.

திட்டம் இது. ஷாம்பெய்ன் பகுதியின் ரெய்ம்ஸ் நகரத்தில் 3 இரவு, பாரிஸில் 4, பர்கண்டியின் போன் நகரத்தில் 4, லியோனில் 3. மொத்தம் 14. புதன்கிழமை இறங்கி, இரண்டு வாரம் கழித்துப் புதன்கிழமை கிளம்புங்கள். கிழமைக் கணக்குக்குக் காரணம் உண்டு, அதையும் சொல்கிறேன்.

பாரிஸில் இறங்கிவிட்டு ஏன் ரெய்ம்ஸ் முதலில் என்று கேட்பீர்கள். சார்ல் த கோல் விமான நிலையத்துக்குள்ளேயே வேக ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து ஷாம்பெய்ன் ஆர்டென் என்ற நிலையத்துக்கு அரை மணி நேரம்தான். அது ஊருக்குச் சற்று வெளியே இருக்கிறது, வாசலிலேயே டிராம் ஏறினால் ரெய்ம்ஸ் நகரின் நடுவில் இறங்கலாம். ஒரு நாளைக்குச் சில ரயில்கள்தான் உண்டு என்பதால் விமானம் வந்து சேரும் நேரத்தை அதோடு பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க விமானத்தில் உட்கார்ந்து வந்த உடம்போடு பாரிஸ் மெட்ரோவின் படிகளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்குவதைவிட, ஒரு நடுத்தர ஊரில் போய் இறங்கி, குளித்துவிட்டு, தேவாலயத்தின் முன்னால் ஒரு மேசையில் உட்காருவது எவ்வளவோ மேல். கோடைநேரக் கணக்கில் பிரான்ஸ் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. முதல் இரண்டு நாள் விடியற்காலையிலேயே விழிப்பு வந்துவிடும், மாலை எட்டுக்கே கண் சொக்கும். ரெய்ம்ஸ் அதைப் பொறுத்துக்கொள்ளும். பாரிஸில் அதே நிலைமை வந்தால் இரண்டு மாலைப்பொழுதுகள் வீண்.

ரெய்ம்ஸ் தேவாலயத்தில்தான் பிரெஞ்சு மன்னர்களுக்கு முடிசூட்டினார்கள். கடைசியாக அங்கே முடிசூடியவர் பத்தாம் சார்ல், 1825இல். 1914இல் ஜெர்மன் குண்டுவீச்சில் கட்டடம் எரிந்து, பிறகு பல ஆண்டுகள் செலவழித்து மீட்டெடுத்தார்கள். முகப்பின் வாசலருகே சிரிக்கும் தேவதைச் சிலை ஒன்று இருக்கிறது, அதைத் தேடிப் பாருங்கள். உள்ளே பீடத்துக்குப் பின்னால் 1974இல் மார்க் ஷகால் வடிவமைத்த நீலக் கண்ணாடி ஜன்னல்கள். காலை வெயில் அந்தப் பக்கம் அடிக்கும்போது போனால் அந்த நீலம் கற்களின் மேல் விழுவதைப் பார்க்கலாம். நேரமாற்றத்தால் சீக்கிரம் எழுந்துவிடும் உங்களுக்கு அது தோதாகவே அமையும்.

இந்த ஊரின் இன்னொரு பாதி தரைக்குக் கீழே இருக்கிறது. ரோமானியர் காலம் தொட்டே கட்டடத்துக்காகச் சுண்ணாம்புக் கல் வெட்டியெடுத்த பள்ளங்களை ஷாம்பெய்ன் நிறுவனங்கள் நிலவறைகளாக மாற்றிக்கொண்டன. மேலே குறுகி, கீழே அகன்று, பிரமிடு போல இறங்கும் பள்ளங்கள். சுவரில் கைவைத்தால் ஈரமான வெள்ளைத் துகள் விரலில் ஒட்டும். ஆண்டு முழுவதும் 10, 12 டிகிரிதான், அதனால் வெளியே வெயில் கொளுத்தினாலும் ஒரு சால்வை எடுத்துப் போங்கள். ஷாம்பெய்ன் குமிழ் பொங்கும் ஒயின், பாட்டிலுக்குள் இரண்டாவது முறை நொதிக்க விடுவதால்தான் அந்தக் குமிழ்கள் வருகின்றன. உள்ளே இருக்கும் அழுத்தம் சுமார் 6 பார், கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதனால்தான் கனத்த கண்ணாடியும் கம்பி கட்டிய கார்க்கும். சட்டப்படி சாதாரண ஷாம்பெய்ன் குறைந்தது 15 மாதம் முதிர வேண்டும், ஒரே ஆண்டின் அறுவடையில் செய்ததென்று ஆண்டு போட்டு விற்பது 3 ஆண்டு. அங்கே கொடியிலிருந்து பழத்தைக் கையால்தான் பறிக்க வேண்டும் என்பதும் விதி.

பெரிய நிறுவனங்களில் ஒன்று போதும். ருய்னார் 1729இல் தொடங்கியது, ஷாம்பெய்ன் நிறுவனங்களில் மிகப் பழையது. வெவ் கிளிக்கோ, தெத்தாங்ழே, பொமெரி எல்லாம் அதே ஊரில் இருக்கின்றன. எல்லா இடத்திலும் முன்பதிவு வேண்டும், தலைக்கு 30 யூரோவுக்கு மேல் ஆகும். முழங்கால் விஷயத்தை மறக்காதீர்கள்: பொமெரியின் நிலவறைக்கு 116 படி இறங்கி, அதே 116 படி ஏற வேண்டும். பதிவு செய்யும்போதே படிகள் எத்தனை, மின்தூக்கி உண்டா என்று மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள், நேராகப் பதில் சொல்வார்கள்.

இரண்டாம் நாள் எபெர்னே. ரெய்ம்ஸிலிருந்து வட்டார ரயிலில் அரை மணி நேரம், திராட்சைச் சரிவுகளுக்கு நடுவே போகிறது. அங்கே ஷாம்பெய்ன் அவென்யூவில் வரிசையாக மாளிகைகள் நிற்கின்றன. அங்கிருந்து டாக்சியில் ஓவிலேர் கிராமத்துக்குப் போய்விடுங்கள், சில கிலோமீட்டர்தான். டோம் பெரினியோன் என்ற துறவி நிலவறைகளைப் பார்த்துக்கொண்ட மடம் அங்கே இருந்தது, அவருடைய கல்லறை அந்தக் கோயிலுக்குள் இருக்கிறது. ஷாம்பெய்னைக் கண்டுபிடித்தவர் என்று சொல்வது பின்னால் கட்டிய கதை, ஆனால் பல தோட்டத்துப் பழங்களைக் கலந்து நல்ல ஒயின் செய்வதில் அவர் கெட்டிக்காரர். ஊர் ஓரத்தில் நின்றால் கீழே மார்ன் ஆறும் சரிவெல்லாம் கொடிகளும் தெரியும். கிராமத்திலேயே சிறு உற்பத்தியாளர்கள் கோப்பை கணக்கில் ஊற்றித் தருவார்கள். பெரிய நிறுவனத்தில் கொடுத்த விலையில் பாதிக்கும் குறைவாக, அதைவிட மனம்விட்டுப் பேசும் ஒருவரிடம் குடிக்கலாம். மனைவிக்கு ரெய்ம்ஸின் ரோஸ் நிற பிஸ்கட் வாங்கிக் கொடுங்கள், ஷாம்பெய்னில் தோய்த்துத் தின்பது அவ்வூர் வழக்கம்.

சனிக்கிழமை பாரிஸ், முக்கால் மணி நேர ரயில். பாரிஸைப் பற்றி ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள், நான் சுருக்கிக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், அவ்வளவுதான். லூவர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், ஓர்சே அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும், அதற்கேற்ப மாற்றிப் போடுங்கள். நோத்ர்தாம் தேவாலயம் 2024 டிசம்பரில் மறுபடி திறந்துவிட்டது. மெட்ரோவில் படிகள் அதிகம், அதனால் பேருந்தைப் பழகிக்கொள்ளுங்கள். 69ஆம் எண் பேருந்து பாஸ்தீயிலிருந்து லூவர், ஓர்சே வழியாக ஐஃபெல் கோபுரப் பக்கம் வரை போகிறது, உட்கார்ந்தபடியே பாதிப் பாரிஸைப் பார்த்துவிடலாம். ஒயின் பயணம் என்பதால் மோன்மார்த் குன்றில் இருக்கும் சிறு திராட்சைத் தோட்டத்தையும் எட்டிப் பாருங்கள். 1933இல் நட்டது, இன்றும் அக்டோபரில் அறுவடை விழா எடுக்கிறார்கள்.

ரெய்ம்ஸ் ரயில் வந்து நிற்கும் கார் த லெஸ்த் நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில்தான் லா ஷாப்பெல் பகுதி. ஈழத்தமிழர்கள் எண்பதுகளிலிருந்து கட்டியெழுப்பிய கடைத்தெரு அது. தோசை, இடியப்பம், கொத்துரொட்டி, மாணிக்க விநாயகர் கோயில் எல்லாம் உண்டு. மூன்று நாள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்ட சைவ நாக்குக்கு அங்கே ஒரு வேளை சாப்பாடு பெரிய ஆறுதல். பயணத்தின் நடுவில் பாரிஸை வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி பர்கண்டி. இந்தப் பயணத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் நான்கு இரவு. பாரிஸின் கார் த லியோன் நிலையத்திலிருந்து டிஜோனுக்கு வேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல், அங்கே மாறி போன் நகரத்துக்கு 20 நிமிடம். பழைய மதில் சூழ்ந்த சின்ன ஊர், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 15 நிமிடத்தில் நடந்துவிடலாம். தங்குமிடத்தை மதிலுக்குள்ளேயே பாருங்கள். பழைய கட்டடங்களில் மின்தூக்கி இல்லாமல் இருப்பது சகஜம், கீழ்த்தள அறையோ மின்தூக்கியோ கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

பர்கண்டியைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு சரிவைப் பார்த்தால் போதும். டிஜோனிலிருந்து தெற்கே சான்தெனே வரை சுமார் 60 கிலோமீட்டர், ஒடுங்கலாக ஒரு சுண்ணாம்புக் குன்று வரிசை, கிழக்கே பார்த்தபடி. கீழே நெடுஞ்சாலை, மேலே காடு, நடுவில் கொடிகள். சாலையை ஒட்டிய சமவெளியில் ஆழமான மண், அங்கே விளைவது வட்டாரப் பெயரில் விற்கும் எளிய ஒயின். கொஞ்சம் மேலே ஏறினால் கிராமத்தின் பெயர் போட்ட ஒயின். அதற்கும் மேலே பிரமியே குரூ என்ற உயர்தரம். சரிவின் இடுப்பில், மண் மெலிந்து, தண்ணீர் தேங்காமல் வடிந்து, காலை வெயில் முழுதாக விழும் பட்டையில் கிராண் குரூ என்ற உச்சத் தரம். மொத்த விளைச்சலில் அது ஒன்றிரண்டு சதவீதம்தான். இன்னும் மேலே போனால் மண் ரொம்பவும் வறண்டு, தரம் மறுபடி இறங்குகிறது. சிவப்புக்குப் பினோ நுவார், வெள்ளைக்கு ஷார்டனே, பெரும்பாலும் இந்த இரண்டே ரகம். ரகம் ஒன்று, செய்யும் முறையும் கிட்டத்தட்ட ஒன்று, இருபது அடி தள்ளி விளைந்தால் விலை பத்து மடங்கு. மண்ணைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கோப்பையைத் தூக்கினால் அந்த வித்தியாசம் நாக்குக்கே பிடிபட ஆரம்பிக்கும். இப்படிப் பெயரும் எல்லையும் குறித்த நிலத்துண்டுகளை அங்கே கிளிமா என்கிறார்கள். மொத்தம் 1,247. 2015இல் யுனெஸ்கோ இவற்றை உலக மரபுச் சொத்தாக அறிவித்தது, ஷாம்பெய்னின் சரிவுகளும் நிலவறைகளும் அதே ஆண்டில்தான்.

வோன் ரோமனே கிராமத்துக்குக் கட்டாயம் போங்கள். கிராமத்தின் பின்னால் நடந்தால் தாழ்வான கல்சுவர், அதன் மேல் ஒரு கல் சிலுவை. சுவருக்கு அப்பால் இருப்பது ரோமனே கோந்தி, 1.8 ஹெக்டேர், நம் கணக்கில் நாலரை ஏக்கர். உலகத்தின் மிக விலையுயர்ந்த ஒயின்களில் ஒன்று அந்தத் துண்டில் விளைகிறது. காவலாளி கிடையாது, கட்டணம் கிடையாது. உள்ளே இறங்காதீர்கள் என்று பணிவாகக் கேட்டுக்கொள்ளும் ஒரு பலகை மட்டும். சாலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் கொடி அதே உயரம், அதே இலை. அந்த ஒயினை வாங்க நம்மால் முடியாது. அந்தச் சுவரருகே பத்து நிமிடம் நிற்க யாராலும் முடியும்.

பக்கத்தில் குளோ த வூஜோ. சித்தோ மடத்துத் துறவிகள் மதில் கட்டி வளர்த்த ஒரே தோட்டம், சுமார் 50 ஹெக்டேர். பிரெஞ்சுப் புரட்சியில் தேவாலயச் சொத்துகளைப் பறிமுதல் செய்து விற்றார்கள். பிறகு 1804இல் வந்த நெப்போலியனின் குடிமைச் சட்டம், பிள்ளைகளுக்குச் சொத்தைச் சமமாகப் பிரிக்கச் சொன்னது. தலைமுறைக்குத் தலைமுறை நிலம் துண்டாகி, இன்று ஒரே மதிலுக்குள் சுமார் 80 உரிமையாளர்கள். சிலருக்குச் சில வரிசைக் கொடிகள் மட்டும். ஆகவே பாட்டிலில் குளோ த வூஜோ என்று போட்டிருந்தால் மட்டும் போதாது, யார் செய்தது என்பதுதான் முதல் கேள்வி. போர்டோவில் ஷத்தோ என்ற எஸ்டேட்டின் பெயரை நம்பி வாங்கலாம். பர்கண்டியில் நிலத்தின் பெயரும் வேண்டும், செய்தவரின் பெயரும் வேண்டும். அதனால்தான் இங்கே மனிதர்களைச் சந்திப்பது இவ்வளவு முக்கியமாகிறது, உங்களுக்கு நான் கிழக்கைச் சொன்னதற்கும் இதுதான் காரணம். இங்கே நிலத்தை உழுதவரே பல சமயம் கோப்பையில் ஊற்றுவார்.

அந்தச் சந்திப்புக்குச் சில நடைமுறைகள் உண்டு. சிறு தோட்டக்காரர்களிடம் முன்னறிவிப்பு இல்லாமல் போய் நிற்கக்கூடாது. மூன்று நான்கு வாரம் முன்னதாக மின்னஞ்சல் எழுதுங்கள். எத்தனை பேர், எந்த நாள், எந்த ஒயினில் ஆர்வம், நாலு வரி போதும். உள்ளே நுழையும்போது முதலில் "போன்ழூர்" சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் விஷயத்துக்கு வருவதை அங்கே மரியாதைக் குறைவாகவே எடுத்துக்கொள்வார்கள். பர்கண்டியில் பல நிலவறைகளில் சிவப்பை முதலில் ஊற்றி, வெள்ளையைக் கடைசியில் தருவார்கள், திகைக்க வேண்டாம். சுவைத்துவிட்டுத் துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்புவது அங்கே அநாகரிகம் அல்ல, தொழில் தெரிந்தவர்களின் பழக்கம். மனைவிக்குத் தனிக் கோப்பை வேண்டாம் என்றால் ஒரே கோப்பையைப் பகிர்ந்துகொள்கிறோம் என்று சொல்லலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். நேரம் ஒதுக்கிப் பேசியவரிடம் ஒரு பாட்டிலாவது வாங்குவது முறை. ஒரு நாளைக்கு இரண்டு நிலவறைக்கு மேல் வேண்டாம். மூன்றாவதில் நாக்கு மரத்துவிடும்.

போன் நகரத்திலேயே பார்க்க வேண்டியது ஓத்தெல் தியூ. பர்கண்டி கோமகனின் அமைச்சராக இருந்த நிக்கோலா ரோலன், நூறாண்டுப் போரால் நொடிந்துபோன மக்களுக்காக 1443இல் நிறுவிய மருத்துவமனை. வண்ண ஓடுகள் கோலம் போட்ட கூரை, சிவப்புத் திரை போட்ட கட்டில்களின் நீண்ட வரிசை, ரோகிர் வான் டெர் வெய்டன் வரைந்த இறுதித் தீர்ப்பு ஓவியம். 1971 வரை அங்கே நோயாளிகள் படுத்திருந்தார்கள். பலர் தானமாக எழுதிவைத்த திராட்சைத் தோட்டங்கள் இன்றும் அந்த மருத்துவமனை அமைப்பிடம் இருக்கின்றன. அதன் ஒயினை நவம்பர் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஏலம் விடுகிறார்கள், 1859 முதல் நடக்கும் ஏலம் அது, பணம் மருத்துவப் பணிக்குப் போகிறது. ஒயினும் ஊரும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதை இந்த ஒரு கட்டடத்தில் பார்த்துவிடலாம். அதிகம் குடிக்காத மனைவிக்கும் இது மனதில் நிற்கும். அதேபோல் ஃபலோ என்ற கடுகு ஆலையும், 1840இலிருந்து இருப்பது. கடுகைக் கல்லில் அரைக்கும் வாசனை நம் வீட்டுப் பெண்களுக்கு உடனே பிடித்துவிடும்.

சனிக்கிழமை காலை போன் நகரத்தின் சந்தை. அதற்காகத்தான் புதன்கிழமை கணக்கு, சனிக்கிழமை நீங்கள் அங்கே இருப்பீர்கள். பழம், காளான், ரொட்டி, பாலாடைக்கட்டி வாங்கிக்கொண்டு, மின்சார சைக்கிள் வாடகைக்கு எடுத்துக் கிளம்புங்கள். ஊரிலிருந்து தெற்கே சான்தெனே வரை கொடிகளுக்கு நடுவே சைக்கிள் பாதை போகிறது, சுமார் 20 கிலோமீட்டர். முழுதும் போக வேண்டாம். பொமார், வோல்னே தாண்டி மெர்சோ வரை போய்த் திரும்பினால் முழங்காலுக்கும் பாரமில்லை. வழியில் ஒரு கல்சுவரில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். சைக்கிள் வேண்டாம் என்றால் போன் நகரத்திலிருந்து அரைநாள் சிறு வேன் சுற்றுகள் உண்டு. கார் மட்டும் எடுக்க வேண்டாம் என்பேன். ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் மதுதான் அங்கே வரம்பு, சோதனையும் உண்டு. ஒயின் பார்க்கப் போய்விட்டு ஒருவர் நாள் முழுக்க வாயைக் கட்டிக்கொண்டு ஸ்டியரிங் பிடிப்பதில் என்ன சுகம்?

சைவச் சாப்பாட்டைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பர்கண்டியும் லியோனும் இறைச்சிச் சமையலுக்குப் பெயர்போன இடங்கள். மெனுவில் காய்கறி சூப் என்று இருந்தாலும் எலும்புச் சாற்றில் செய்திருக்கலாம். "சான் வியாந்த், சான் புவாசோன்" என்று சொன்னால் இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள், ஆனால் பதிவு செய்யும்போதே சொல்லிவைப்பதுதான் உத்தமம், சமையல்காரர் தனியாக ஏதாவது செய்து வைப்பார். பர்கண்டியில் குழேர் என்ற பாலாடைக்கட்டி உருண்டை, லியோனில் மூலிகை கலந்த புதுப் பாலாடைக்கட்டி, பால் ஊற்றி அடுக்கிச் சுட்ட உருளைக்கிழங்கு, சிவப்பு பிரலீன் டார்ட், இவையெல்லாம் கிடைக்கும். ஒரு விஷயம் கவனியுங்கள்: கோந்தே, எப்வாஸ் போன்ற மரபான பாலாடைக்கட்டிகளில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும், பாலைத் திரிய வைக்கும் ரென்னெட்டைத்தான் சேர்க்கிறார்கள். மனைவி அவ்வளவு கண்டிப்பு என்றால் முன்னமே தெரிந்திருக்கட்டும். குடிக்க அவருக்குக் கிர் வாங்கிக் கொடுங்கள். கருந்திராட்சை போன்ற காசிஸ் பழத்தின் இனிப்புச் சாராயத்தைக் கொஞ்சம் ஊற்றி மேலே அலிகோத்தே வெள்ளை ஒயின் சேர்த்த பானம், டிஜோன் மேயராக இருந்த பாதிரியார் ஃபெலிக்ஸ் கிர் பெயரில் வழங்குகிறது. ஒயின் பழகாதவர்களுக்கும் அது பிடிக்கும்.

சாப்பாட்டு நேரம் கறார். மதியம் 12 முதல் 2 வரை, இரவு 7, 7.30க்கு மேல். மூன்று மணிக்குப் பசித்தால் ரொட்டிக்கடைதான். மதியத்தில் நிர்ணய விலைச் சாப்பாடு கிடைக்கும், இரவைவிட நல்ல மலிவு, அதனால் பெரிய சாப்பாட்டை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகவே கொண்டுவந்து வைப்பார்கள். டிப்ஸ் கட்டாயம் இல்லை.

ஞாயிறு லியோனுக்கு மாறுங்கள். அன்று சிறு தோட்டக்காரர்கள் பெரும்பாலும் திறப்பதில்லை, இடம் மாற ஏற்ற நாள். நேர் வட்டார ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம், இதற்கு இருக்கை முன்பதிவும் தேவையில்லை. லியோன் ரோன், சோன் என்ற இரு ஆறுகள் சேரும் ஊர், பழைய பட்டு நெசவாளர் ஊர். பழைய நகரத்தில் வீடுகளுக்குள் புகுந்து அடுத்த தெருவுக்கு வெளியேறும் திராபூல் என்ற மூடுபாதைகள் இருக்கின்றன. ஃபூர்வியேர் குன்றுக்கு ஏற இழுவை ரயில் உண்டு, படி ஏற வேண்டியதில்லை. புஷோன் என்ற உள்ளூர் சாப்பாட்டுக் கடைகளுக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். அடிப்பாகம் தடித்த 46 சென்டிலிட்டர் பாட்டிலில் போஜோலே என்ற ஒயினை ஊற்றித் தருவார்கள், இருவருக்கு அளவாக இருக்கும். ஞாயிறு இரவும் திங்களும் பல கடைகள் மூடியிருக்கும், செவ்வாய் இரவுக்கு மேசை சொல்லிவையுங்கள்.

நடுவில் ஒரு நாள் "தான் லெர்மிதாஜ்" என்ற ஊருக்குப் போய் வாருங்கள். லியோனிலிருந்து வட்டார ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே எர்மிதாஜ் குன்று எழுந்து நிற்கும். சரிவு முழுக்கக் கல் படிக்கட்டாக அடுக்கிய சிரா ரகத் திராட்சைக் கொடிகள், உச்சியில் ஒரு சிறு கோயில், கீழே ரோன் ஆறு. அதே ஊரில்தான் வல்ரோனா சாக்லேட் நிறுவனம், அதன் சாக்லேட் அருங்காட்சியகத்துக்கும் நடந்தே போகலாம். உங்களுக்கு எர்மிதாஜ், அவருக்கு சாக்லேட், இருவருக்கும் ஒரே ஊரில் ஒரே நாள். இந்தப் பயணத்தில் உங்கள் இருவருக்கும் இதைவிடப் பொருத்தமான நாள் எனக்குத் தெரியவில்லை.

போர்டோ சிவப்புதான் உங்கள் மனதில் இருக்கிறது என்றால், போன் நகரத்தையும் லியோனையும் விட்டுவிட்டு அந்த ஏழு இரவையும் போர்டோவுக்குக் கொடுங்கள். 2017இல் திறந்த வேகப் பாதையில் பாரிஸிலிருந்து இரண்டு மணி நேரம் சொச்சம். ஊர் அழகு, ஆற்றங்கரையில் சமதள நடை, 2016இல் திறந்த ஒயின் அருங்காட்சியகம். சாந்த் எமிலியோன் என்ற ஒயின் ஊர் அங்கிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆனால் போர்டோவை அடுத்த மெதோக் பகுதியின் பெரிய ஷத்தோக்களில் நீங்கள் சந்திப்பது வரவேற்பாளரையே. அல்சாஸ், புரோவான்ஸ், லுவார் மூன்றும் தனித்தனிப் பயணத்துக்கு உரியவை, ஓரமாக ஒட்டவைத்துக் கெடுக்காதீர்கள்.

நாள் குறிக்கும்போது செப்டம்பர் முதல் பாதியைத் தவிருங்கள். வெயில் கூடிவரும் இந்தக் காலத்தில் ஷாம்பெய்னிலும் பர்கண்டியிலும் அறுவடை பல ஆண்டுகளில் ஆகஸ்ட் கடைசியிலேயே தொடங்கிவிடுகிறது. அறுவடை நடக்கும்போது சிறு தோட்டக்காரர்களுக்கு விருந்தாளியைப் பார்க்க நேரம் இருக்காது. செப்டம்பர் கடைசி வாரம் போய் அக்டோபர் முதல் வாரம் திரும்பினால், நிலவறைகளில் நொதிக்கும் வாசனை இருக்கும், பேச ஆளும் இருப்பார்கள், கொடிகளில் மஞ்சள் ஏறத் தொடங்கியிருக்கும்.

விமானத்தைப் பொறுத்தவரை போகவர ஒரே ஊருக்கு எடுக்காதீர்கள். பாரிஸில் இறங்கி லியோனில் ஏறும்படி எடுங்கள். எமிரேட்ஸ் துபாயிலிருந்து இரண்டு ஊருக்கும் பறக்கிறது. லியோன் நகரிலிருந்து விமான நிலையத்துக்கு நேர் டிராம், அரை மணி நேரம். ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், சந்திப்பு நேரம் கிடைப்பதுதான் பாடு, அதனால் அதை முதலில் பிடியுங்கள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசா வரும் வரை ரத்து செய்யக்கூடிய அறைகளை மட்டும் பதிவு செய்யுங்கள். விசா வந்ததும் வேக ரயில் டிக்கெட்டை உடனே வாங்குங்கள், நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். வட்டார ரயில்களின் கட்டணம் அப்படி ஏறுவதில்லை, அன்றன்றைக்கு வாங்கினால் போதும். அதன் பிறகு போன் நகரத்துத் தோட்டக்காரர்களுக்கு மின்னஞ்சல்.

பாட்டில்களைக் கடைசி ஊர் வரை வாங்காமல் இருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். இந்தியாவுக்குள் ஒருவர் 2 லிட்டர் மது வரியில்லாமல் கொண்டுவரலாம். ஒரு பாட்டில் 750 மில்லி என்பதால் ஆளுக்கு இரண்டு, இருவருக்கும் நான்கு பாட்டில் வரும். கைப்பையில் விடமாட்டார்கள், பெரிய பெட்டியில் துணிகளுக்கு நடுவே போக வேண்டும். அதனால் கிளம்பும்போதே பெட்டியில் ஆறேழு கிலோ இடம் விட்டுக் கட்டுங்கள்.